சீரோடு வந்த டப்பா

அந்த நீலத்தை முதலில் பார்த்தது நான் இல்லை. கடைக்குப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மா.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு மாம்பழக் கலரில் ஒரு புடவையைப் பிரித்து, முந்தானையை என் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா முந்தானையைப் பார்க்காமல் என் கையையே பார்த்தது. ரவிக்கைக் கை முடிகிற இடத்துக்குக் கீழே, நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி ஒரு கறை.

"என்னம்மா இது கையில?"

நானும் குனிந்து பார்த்தேன். எனக்கே புதுசாக இருந்தது. "எங்கயாச்சும் இடிச்சிருப்பேங்க" என்றேன்.

"பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு, புடவையும் எடுக்காமல் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. வியாபாரம் போனதற்கா, அது சொன்ன சொல்லுக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புடவையை மடித்து வைத்துவிட்டு, எங்கே இடித்திருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

என் உடம்புக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வந்த ஒரு மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணமாகி, மகள் பிறந்து, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது தெரிந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்து வேறு வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ரத்தம் உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். ரொம்ப இளகினால் எங்கே வேண்டுமானாலும் கசியும். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தி வைக்க மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கீரையை ஒரேயடியாகத் தின்னாதே, ஒரேயடியாக விட்டும்விடாதே, புதிதாக எந்த மாத்திரை போட்டாலும் சொல்லிவிட்டுப் போடு. சட்டம் அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் நான் அதை மீறியதே இல்லை. இந்த முறையும் மீறவில்லை என்றுதான் என் மனசு இன்னும் வழக்காடுகிறது.

வால்வு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படுத்தியது முட்டிதான். கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் நின்றுகொண்டே புடவை பிரித்தால் முட்டி என்ன செய்யும்? பஸ் படியில் ஏறும்போது எனக்குப் பின்னால் நிற்பவர்கள் 'உச்' கொட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. அரியலூரில் இருக்கிற அண்ணனிடம் போனில் ஒரு நாள் புலம்பினேன். அவர் அங்கே சிமெண்ட் லாரிகளுக்கு டயர் விற்கிற கடை வைத்திருக்கிறார். அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அவர் வீடுதான்.

பொங்கல் சீரை அவர் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. இந்த வருஷமும் கரும்பும் கையுமாக வந்து இறங்கினார். தாம்பாளத்தில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வெற்றிலை பாக்கு, புடவை. புடவைக்கு மேலே ஒரு வெள்ளை டப்பா. அதன் மூடியில் அண்ணி மறக்காமல் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தார்.

"என்னண்ணே இது?"

"சத்து சாமான் விக்கிற கம்பெனிக்காரங்க மண்டபத்துல ஒரு மீட்டிங் போட்டாங்க, போயிருந்தேன். முட்டி வலிக்குன்னே வந்துருக்கு. வெளிநாட்டுல எல்லாம் இதான் சாப்புடுறாங்களாம். எலும்புக்கு நடுவுல எண்ணெ விட்ட மாரி ஆயிடுமாம்."

"மாத்திரை மாரி இருக்கே?"

"மாரிதான் இருக்கும். மாத்திரை இல்ல, சத்து. பயப்படாம சாப்புடு."

நான் பயப்படவே இல்லை. குங்குமம் வைத்த டப்பாவைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தை முதல் தேதி மாலையில் முதல் மாத்திரையை விழுங்கினேன். பெரிய மாத்திரை, தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் போனது. அண்ணன் எனக்காக மண்டபத்தில் போய் உட்கார்ந்து கேட்டு வாங்கி வந்திருக்கிறார் என்பதே எனக்குப் பாதி வலியைக் குறைத்த மாதிரி இருந்தது.

முட்டிக்குக் கேட்டதா? சில நாள் படி ஏறும்போது வலியே தெரியவில்லை. சில நாள் பழைய மாதிரிதான். வயிறு எரிந்தது, நெஞ்சு கரித்தது. பொங்கல் பலகாரம் என்று நினைத்தேன். பலகாரம் தீர்ந்த பிறகும் எரிந்தது. கடையில் மத்தியானம் சாப்பிடும் சாம்பாரைத் திட்டினேன். அதற்கப்புறம்தான் கையில் நீலம்.

அடுத்தது தொடையில் வந்தது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஒன்று, விலாவில் ஒன்று. பழையது பச்சையாகி மஞ்சளாகிப் போவதற்குள் புதுசு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் கம்பியில் இடித்திருக்கும் என்றேன். துணிக்கட்டு தூக்கியதில் ரத்தம் கட்டியிருக்கும் என்றேன். கடையில் கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி, காத்து கருப்பு அறைந்தால் இப்படித்தான் கைவிரல் பதியும், போய் மந்திரித்துக்கொண்டு வா என்றாள். இன்னொருத்தி என் தோளைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவல்தான் எனக்குத் தாங்கவில்லை.

மாதச் சோதனைக்குப் போனபோது ரத்தம் வழக்கத்தைவிட இளகியிருக்கிறது என்றார்கள். நர்ஸ் கேட்டாள்.

"புதுசா மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?"

"இல்லையேங்க."

"காய்ச்சல், தலவலின்னு கடையில வாங்கி?"

"ஒண்ணுமே இல்லம்மா."

பொய் சொல்கிறோம் என்று ஒரு துளிகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அந்த டப்பா என் நினைவுக்கே வரவில்லை. கரும்பு தின்றேனா என்று கேட்டிருந்தால் அண்ணன் கொண்டுவந்த கரும்பு ஞாபகத்துக்கு வந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டப்பாவும் வந்திருக்கும். மாத்திரை என்று கேட்டால் எப்படி வரும்? சீரை யாராவது மாத்திரைக் கணக்கில் சேர்ப்பார்களா? வால்வு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். நீலம் மட்டும் குறையவில்லை.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் மாவு மில் வைத்திருக்கிறார். மிஷின் சத்தத்திலேயே காலம் தள்ளி அவருக்குக் காது மந்தம். தான் பேசுவது தனக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் பேசுவார். "ரசத்துல உப்பு பத்தல" என்று அவர் சொன்னால் தெருமுனை வரைக்கும் ரசத்தில் உப்பு பத்தாது. மற்றபடி ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன். மில்லில் மாவு தின்ன வருகிற எலியைக்கூடக் கூண்டு வைத்துப் பிடித்து, வண்டியில் கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவார்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எலி தெரியுமா? கத்தல் தெரியும், என் கை தெரியும். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, "எதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு" என்று சொல்ல ஆரம்பித்தார். "ஒண்ணும் இல்லக்கா" என்றால், "சரி சரி, வெளிய சொல்ல வேணாம்" என்பார். மறுக்க மறுக்க மாட்டிக்கொண்டேன். கடைசியில் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டேன். மறைக்கிறாள் என்று அதுவும் ஒரு சாட்சியாகப் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்காரர் காதுக்கும் இந்தப் பேச்சு எப்படியோ போய்விட்டது. மில்லுக்கு அரைக்க வருகிற பெண்கள் முன் மாதிரி சிரித்துப் பேசுவதில்லை, கூடையை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள் என்று சொன்னார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் கையையே பார்த்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நான் தூக்கத்துல கைய கால ஒதறுறேனா?"

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"சின்னப்புள்ளயில ஒதறுவேன்னு எங்கம்மா சொல்லும். எனக்கு எங்க தெரியுது? நான் பாட்டுக்குத் தூங்குறேன்."

நான் திட்டித் தீர்த்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முழுசாக இருக்காது. அவர் கேட்ட பிறகு எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அவர் இல்லை என்றால் வேறு யார்? காத்து கருப்பா? திட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் தயங்கிய அந்த ஒரு நிமிஷத்தை அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். கூப்பிட்டும் வரவில்லை.

அதன் பிறகும் நீலம் வந்தது. அவர் ஹாலில், நான் கட்டிலில், நடுவில் ஒரு சுவர். அப்படியும் வந்தது. "பாருங்க, இப்ப என்ன சொல்றீங்க?" என்று அவரிடம் காட்டினேன். "நடந்து வந்து அடிச்சிருப்பேனோ?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அக்காவிடம் அண்ணன் நம்பர் இருந்திருக்கிறது. சீர் கொண்டுவரும்போதெல்லாம் பழக்கம். போன் போட்டுச் சொல்லிவிட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு ரெக்சின் பை. முகம் முகமாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. பிறந்த வீட்டு ஆள் வந்து தண்ணி குடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மாப்ள, ஒங்களக் குத்தம் சொல்ல வரல. ஆனா கேட்டுத்தான ஆவணும். எந்தங்கச்சி ஒடம்புல இருக்குறது என்னா?"

எங்கள் வீட்டுக்காரர் "இல்லை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் மீதியைப் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, தெருவே கேட்கிற குரலில் சொன்னார்.

"தெரியலைங்க மச்சான். நானா இருந்தாலும் இருக்கலாம்."

எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது. அண்ணன் எழுந்துவிட்டார். கைநீட்டிவிடுவாரோ என்று நான் நடுவில் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கெளம்பு. நம்ம வூட்டுக்குப் போவலாம்."

"அண்ணே, அவரு அப்படி இல்லண்ணே. தூக்கத்துலன்னு நெனச்சிக்கிட்டு ஒளறுறாரு."

"கெளம்புங்கிறேன்ல."

வாசல் வரைக்கும் பிடித்த பிடியை விடவில்லை. இவர் என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். "போயிட்டு வா. அங்க கொஞ்ச நாளு இரு, வருதான்னு பாப்போம்" என்றார். சோதனை போட்டுப் பார்க்கிற மாதிரி சொன்னார். என்னை அனுப்பி வைத்து, தான் குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்று புரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தேன். கோபம் யார் மேல் என்றால், அண்ணன் மேல், இவர் மேல், ஜன்னல் மேல், என் தோல் மேல்.

அரியலூர் பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பல் ஈறில் உப்புக் கரித்தது. துப்பினால் சிவப்பாக இருக்கும் என்று தெரிந்தும் முழுங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

அண்ணன் வீட்டில் அண்ணி சாப்பாடு போட்டார். நான் சோற்றில் கை வைத்தபோது அண்ணி என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "அடப் பாவி மனுஷா, புடிச்ச கையி அப்படியே பதிஞ்சிருக்கு பாருங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டுக்காரரைத்தான் அண்ணி அப்படித் திட்டினார்.

நானும் பார்த்தேன். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். கருநீலமாக, சுத்தமாக. காலையில் அது இல்லை.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கையை எடுத்து, தொடாமல், அந்தத் தடத்துக்கு மேலே வைத்துப் பார்த்தார். டயர் தூக்கித் தூக்கித் தடித்த விரல். சரியாகப் பொருந்தியது. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அதற்குள் என் மூக்கிலிருந்து சோற்றில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சு திணித்து, ரத்தம் எடுத்துப் பார்த்ததும் டாக்டர் அம்மா முகம் மாறியது. என் வயசில் பாதிதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வால்வு மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, திருச்சி டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். அதே பழைய கேள்வியைக் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். அவர் விடவில்லை.

"மாத்திரைய விடுங்க. சத்து மாவு, லேகியம், பவுடர், முட்டி வலிக்கு ஏதாவது? வாயில போடுறது எல்லாத்தையும் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு நல்ல காரியமாவது செய்திருக்கிறோம் என்கிற மாதிரி ரெக்சின் பையைத் திறந்து, புது டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். பழையது தீரப்போகிறது என்று கணக்குப் பார்த்து, சண்டைக்கு வரும்போதே வாங்கி வந்திருக்கிறார். அதன் மூடியிலும் குங்குமம்.

"இது தெனம் சாப்புடுதுங்க. ரொம்ப நல்ல சாமான். மீட்டிங்குல சொன்னாங்க."

டாக்டர் அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அண்ணனைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. களைப்பாகச் சொன்னார்.

"ரத்தம் எளக்குற மாத்திரையோட இத சேத்துச் சாப்புட்டா சில பேருக்கு ரத்தம் இன்னும் எளகிடும். வயிறு எரியறது, நெஞ்சு கரிக்கிறதும் வரலாம். எல்லாருக்கும் வராது."

"அப்ப இதனாலதாங்களா?" என்றார் அண்ணன்.

"இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது சார். இருக்கலாம். நிறுத்திப் பாப்போம்."

இருக்கலாம். வீட்டில் காலையில் கேட்ட அதே சொல். அண்ணன் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாமல், அங்கேயே விடவும் முடியாமல் நின்றார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பாவமாக இருந்தது. தங்கச்சிக்கு நல்லது செய்ய இரண்டு தடவை கை நீட்டினார், இரண்டும் நீலமாகப் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்காரர் மாலையில் வந்து சேர்ந்தார். தலையிலும் புருவத்திலும் மாவு. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நீங்க இல்ல மாப்ள, நீங்க இல்ல" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். காது மந்தம் அல்லவா. இவர் தலையை ஆட்டினார். என் மணிக்கட்டைப் பார்த்தார், யார் என்று கேட்கவில்லை. மகளுக்குச் சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னார். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். உரித்த சுளையை என் கையில் கொடுக்காமல் தட்டில் வைத்தார்.

டப்பாவை நிறுத்திய பிறகு புது நீலம் வரவில்லை. வால்வு மாத்திரையைத் திரும்பவும் கொடுத்து, அடிக்கடி ரத்தம் பார்த்து ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய நீலங்கள் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தன. மணிக்கட்டில் இருந்ததுதான் கடைசியாகப் போனது. வயிற்று எரிச்சலும் நின்றது. முட்டி திரும்ப வலிக்கிறது. அதனால் அந்த டப்பா முட்டிக்குக் கேட்டிருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும், சும்மா நினைப்பு என்று மறுநாள் தோன்றும். எதிர்வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சரி, வெளிய சொல்ல வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இவர் பாய் ஹாலிலேயேதான் கிடந்தது.

"அதான் டாக்டர் சொல்லிட்டாங்கல்ல. உள்ள வந்து படுங்க."

"இருக்கலாம்னுதான சொன்னாங்க. சத்தியம் பண்ண மாட்டேன்னாங்கல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "தூக்கத்துல இந்தக் கையி என்ன பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். எலிக்குக்கூட வலிக்காமல் கூண்டைத் தூக்குகிற கை. என் தோலில் இருந்ததெல்லாம் மறைந்துவிட்டது. இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மில்லிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு ஹாலில் படுத்திருந்தார். நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு போனேன். முட்டியை மடக்கித் தரையில் உட்காருவதற்குள் உயிர் போய் வந்தது. சுவரைப் பிடித்து, மெல்லச் சரிந்து, அவர் பக்கத்தில் படுத்தேன். அவர் பதறி நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். அவருக்குப் பின்னால் சுவர், அதற்கு மேல் நகர இடமில்லை. அவர் கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டேன்.

"முட்டி வலிக்கும்டி, எந்திரி! கட்டில்ல போயிப் படு!" என்று கத்தினார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் சத்தமா சொல்லுங்க" என்றேன்.